போலி விருப்பங்கள், பின்தொடர்வோர் வணிகம்

போலி விருப்பங்கள், பின்தொடர்வோர் வணிகம் என்பது முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப், 2023 ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டர் முதலிய சமூக ஊடகத் தளங்களில், லைக் எனப்படும் விருப்பங்கள், பின்தொடர்வோர், பார்வைகள், கருத்துகள் ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பணம் பெற்றுக்கொண்டு செயற்கையாகக் கூட்டித்தரும் தொழில் ஆகும். இவ்வாறு கூட்டப்படும் எண்ணிக்கைக்குப் பின்னால் தானியங்கி மென்பொருள்கள் இயக்கும் கணக்குகள், குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட பணியாளர்கள், உரிமையாளர் அறியாமல் பயன்படுத்தப்படும் உண்மைக் கணக்குகள் ஆகியவை உள்ளன.

இவ்வணிகத்தில் விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவரும் பொருள் போலி என்பதை அறிந்தே பரிமாறிக்கொள்கின்றனர். ஏமாற்றப்படுபவர் மூன்றாமவர். எண்ணிக்கையை நம்பி விளம்பரப் பணம் கொடுக்கும் நிறுவனம், ஒரு தலைவருக்குப் பெரும் ஆதரவு இருப்பதாக எண்ணிக்கொள்ளும் வாக்காளர், தம் பெயரும் படமும் எடுத்தாளப்பட்டதை அறியாத ஒருவர் என அந்த மூன்றாமவர் பலவகையினர். விற்பனையில் நேரடியாகக் கலந்துகொண்ட எவரும் முறையிட வருவதில்லை என்பதால் இத்தொழில் நெடுங்காலம் சட்டத்தின் பார்வைக்கு வெளியே வளர்ந்தது.

எண்ணிக்கைக்கு மதிப்பு வந்த விதம்

முகநூல் 2009 பெப்ரவரியில் விருப்பப் பொத்தானை அறிமுகப்படுத்தியது. டுவிட்டர் தொடக்கம் முதலே ஒருவரை எத்தனை பேர் பின்தொடர்கின்றனர் என்ற எண்ணை அவரது பக்கத்தில் எல்லோரும் காணும்படி வைத்திருந்தது. 2010 அக்டோபரில் வெளியான இன்ஸ்டாகிராமும் இவ்வழக்கத்தைப் பின்பற்றியது. ஒரு நூல் எத்தனை படிகள் விற்றது, ஒரு நாளிதழின் விற்பனை எவ்வளவு என்பவற்றைத் தணிக்கை செய்யத் தனி அமைப்புகள் உள்ளன. சமூக ஊடக எண்களுக்கு அத்தகைய தணிக்கை எதுவும் இருக்கவில்லை. தளம் காட்டும் எண்ணே சான்றாகக் கொள்ளப்பட்டது.

அந்த எண் விரைவில் பணமாயிற்று. பொருள்களைப் பரிந்துரைத்துப் பதிவிடும் செல்வாக்காளர்களுக்குப் பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கணக்கிட்டே ஊதியம் தரும் வழக்கம் உருவானது. 2018 ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 1,00,000 பின்தொடர்வோரை உடைய ஒருவர் ஒரு விளம்பர டுவீட்டுக்குச் சராசரியாக 2,000 அமெரிக்க டாலரும், 10 லட்சம் பேரை உடையவர் 20,000 டாலரும் பெறக்கூடியவராக இருந்தனர். போலிப் பின்தொடர்வோர் அக்காலத்தில் ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு சென்ட் என்ற விலையில் கிடைத்தனர். அதாவது 1,00,000 பேரை வாங்க ஆகும் செலவு சுமார் 1,000 டாலர். ஒரேயொரு விளம்பரப் பதிவு அதைப்போல் இரு மடங்கைத் திருப்பித் தந்துவிடும். இத்தொழில் ஏன் தழைத்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கமாகும்.

பணம் ஒருபுறமிருக்க, தளங்களின் நிரல்களும் இந்த எண்களைப் பார்த்தே எந்தப் பதிவை முன்னிறுத்துவது என்று முடிவு செய்கின்றன. முதல் சில மணிநேரங்களில் பல விருப்பங்களைப் பெறும் பதிவு மேலும் பலருக்குக் காட்டப்படுகின்றது. ஆகவே வாங்கப்பட்ட சில நூறு விருப்பங்கள் உண்மையான சில ஆயிரம் பார்வைகளை இழுத்துவரக்கூடும்.

எண்ணிக்கையின் மீதான இந்த மோகம் அரசுகளையும் விட்டுவைக்கவில்லை. ஐக்கிய அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஒரு பிரிவு தன் முகநூல் பக்கங்களுக்கு விருப்பங்களைப் பெருக்கும் விளம்பர முயற்சிகளில் சுமார் 6,30,000 டாலர் செலவிட்டதை அத்துறையின் தலைமை ஆய்வாளர் 2013 ஆம் ஆண்டு அறிக்கையில் கண்டித்தார். அவை முறையான விளம்பரங்கள்தாம், போலிகள் அல்ல. எனினும் பக்கத்தை விரும்பியவர்களில் மிகச் சிலரே அதன் பதிவுகளுடன் மீண்டும் தொடர்பு கொண்டனர் என்பது அவ்வறிக்கையின் குறையாக இருந்தது. அதன் பின்னர் வெளியுறவுத் துறை இச்செலவை நிறுத்திக்கொண்டது.

கணக்குகள் உருவாக்கப்படும் முறை

போலி விருப்பம் ஒன்றை அளிக்க முதலில் ஒரு கணக்கு தேவை. தளங்கள் ஒருவர் பல கணக்குகளைத் தொடங்குவதைத் தடுக்க மூன்று தடைகளை வைக்கின்றன. ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து வரும் பதிவுகளுக்கு வரம்பு, எந்திரத்தால் படிக்க இயலாத எழுத்துப் படங்களான கேப்ட்சா, மின்னஞ்சல் அல்லது தொலைபேசி எண் வழியான சரிபார்ப்பு ஆகியவையே அவை. இம்மூன்றையும் கடந்து தருவதற்குத் தனித்தனிச் சந்தைகள் உள்ளன. பல நாடுகளில் தீநிரல் புகுந்த கணினிகளின் வழியாக இணைப்பை மாற்றிவிடுவோர் முதல் தடையைக் கடந்து தருகின்றனர். கேப்ட்சாப் படங்களைப் பார்த்துத் தட்டெழுதித் தரும் கூலியாட்கள் இரண்டாவதைத் தீர்க்கின்றனர். மின்னஞ்சல் முகவரிகளும் சிம் அட்டைகளும் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன.

கலிபோர்னியப் பல்கலைக்கழகம் பெர்க்லியைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு ஒன்று, டுவிட்டரின் ஒப்புதலுடன், பத்து மாத காலத்தில் 27 வணிகர்களிடமிருந்து 1,21,027 போலி டுவிட்டர் கணக்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தது. 2013 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வின்படி, எரிதக் கணக்குகள் எனப் பின்னர் டுவிட்டரால் அடையாளம் காணப்பட்டவற்றுள் 10 முதல் 20 விழுக்காடு இந்த 27 பேரின் உருவாக்கமே ஆகும். பெயர்கள் அமைந்த விதம், கணக்கு தொடங்கும்போது உலாவி அனுப்பும் தகவல்களின் வரிசை போன்ற சிறு தடயங்களைக் கொண்டு இவ்வணிகர்களின் பல லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டன. சிறிது காலத்திலேயே அதே வணிகர்கள் புதிய சரக்குடன் கடை திறந்தனர்.

எல்லாக் கணக்குகளும் புதிதாகப் படைக்கப்படுபவை அல்ல. உண்மைப் பயனர்களே தம் கணக்கை அறிந்தும் அறியாமலும் ஒப்படைக்கும் முறையும் உண்டு. "இலவச விருப்பங்கள்" எனக் கூறும் வலைத்தளம் ஒன்றில் நுழையும் பயனர், தம் முகநூல் கணக்கை இயக்கும் அனுமதிச் சாவியை அத்தளத்துக்கு வழங்கிவிடுகின்றார். அவரது பதிவுக்குச் சில நூறு விருப்பங்கள் வந்து சேர்கின்றன. பதிலுக்கு அவரது கணக்கு, அவர் பார்த்தேயிராத பிறரது பதிவுகளை நாள் முழுவதும் விரும்பிக்கொண்டிருக்கும். இத்தகைய கூட்டு வலைகள் பற்றி 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, பாதுகாப்புக் குறைபாடு உள்ள பிற செயலிகளின் அனுமதிச் சாவிகள் இதற்குப் பயன்படுவதையும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முகநூல் கணக்குகள் இவ்வாறு சிக்கியிருந்ததையும் கண்டறிந்தது. பண்டமாற்று போலத் தோன்றும் இம்முறையில் வலைத்தள உரிமையாளர் விளம்பரம் மூலமும், கூடுதல் விருப்பங்களை விலைக்கு விற்றும் பொருளீட்டுகின்றார்.

விற்பனைச் சங்கிலி

இத்தொழிலில் உற்பத்தி செய்பவர் ஒருவர், வாடிக்கையாளருக்கு விற்பவர் வேறொருவர். கணக்குகளை உருவாக்கி வைத்திருப்போர் அவற்றை எஸ்.எம்.எம். பேனல் எனப்படும் மொத்த விற்பனை வலைத்தளங்களில் பட்டியலிடுகின்றனர். படமுள்ள கணக்கு, படமில்லாத கணக்கு, குறிப்பிட்ட நாட்டைச் சேர்ந்த கணக்கு எனத் தரம் பிரிக்கப்பட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று விலை குறிக்கப்படும். சில்லறை விற்பனையாளர் தன் வலைத்தளத்தை இப்பட்டியலுடன் நிரல் வழியே இணைத்துவிட்டால், ஆணை வந்த நொடியிலேயே வேலை தானாகத் தொடங்கிவிடும். அவருக்குக் கணினி அறிவுகூடப் பெரிதாகத் தேவையில்லை.

தளங்கள் போலிகளை நீக்கும்போது எண்ணிக்கை குறையும் என்பதால், குறைந்ததை ஈடுசெய்து தருவதாக விற்பனையாளர்கள் உறுதியளிக்கின்றனர். ஒரே இரவில் பத்தாயிரம் பேர் வந்தால் ஐயம் எழும் என்பதால், நாளொன்றுக்குச் சில நூறு எனச் சொட்டுச் சொட்டாக அனுப்பும் வசதியும் உண்டு. ஒரு மளிகைக் கடையின் ஒழுங்கு இத்தொழிலில் காணப்படுவது கவனிக்கத்தக்கது.

டெவுமி நிறுவனம்

இவ்வணிகத்தின் உள்ளமைப்பு முதன்முறையாக விரிவாக வெளிப்பட்டது டெவுமி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மூலமாகும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2018 ஜனவரி 27 அன்று இந்நிறுவனத்தைப் பற்றிய புலனாய்வுக் கட்டுரையை வெளியிட்டது. டெவுமி தன் முகவரி நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் உள்ளதாகக் கூறிக்கொண்டது. அதன் உண்மையான அலுவலகம் புளோரிடா மாநிலத்தின் வெஸ்ட் பாம் பீச் நகரில், ஓர் மெக்சிக்க உணவகத்தின் மாடியில் இருந்தது.

நாளிதழின் கணக்குப்படி டெவுமியிடம் குறைந்தது 35 லட்சம் தானியங்கிக் கணக்குகள் இருந்தன. இவற்றைக் கொண்டு ஏறத்தாழ 20 கோடி டுவிட்டர் பின்தொடர்வோரை அது விற்றிருந்தது. ஒரே கணக்கு பலமுறை விற்கப்பட்டதாலேயே இது இயன்றது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு கணக்கும் ஐம்பது முறைக்கு மேல் விற்கப்பட்டிருக்க வேண்டும். விற்ற பின்னும் சரக்கு கையிருப்பில் அப்படியே இருக்கும் வணிகம் உலகில் அரிது. நாளிதழின் செய்தியாளர்கள் 225 டாலர் கொடுத்து 25,000 பின்தொடர்வோரைச் சோதனையாக வாங்கினர். டெவுமி 1,000 பேருக்கு 17 டாலர் வாங்கிய அதே தரத்துக் கணக்குகள், மொத்த விற்பனைத் தளம் ஒன்றில் 1,000 பேருக்கு ஒரு டாலருக்குச் சற்றே கூடுதலான விலையில் கிடைத்தன. இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் இடைத்தரகரின் ஆதாயமாகும்.

வாடிக்கையாளர்கள் சுமார் 2,00,000 பேர். அவர்களுள் நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், தொலைக்காட்சிக் கலைஞர்கள், தொழிலதிபர்கள், அரசியல் ஆலோசகர்கள் ஆகியோர் இருந்தனர். டுவிட்டர் நிறுவனத்தின் சொந்த இயக்குநர் குழுவில் இருந்த ஒருவரின் கணக்குக்காகவும் வாங்கப்பட்டிருந்தது. அவர் அதற்குத் தம் பணியாளர் ஒருவரைக் காரணமாகக் கூறினார். டுவிட்டர் தடை செய்யப்பட்டுள்ள சீனாவின் அரசு செய்தி நிறுவனமான சின்குவாவின் ஆசிரியர் ஒருவரும் லட்சக்கணக்கான பின்தொடர்வோரையும் மறுடுவீட்டுகளையும் வாங்கியிருந்தார்.

கட்டுரையின் மிகக் கடுமையான பகுதி, அக்கணக்குகள் எவருடைய முகத்தை அணிந்திருந்தன என்பதாகும். குறைந்தது 55,000 கணக்குகள் உண்மையான டுவிட்டர் பயனர்களின் பெயர், படம், ஊர் முதலிய விவரங்களைக் களவாடி உருவாக்கப்பட்டவை. பயனர் பெயரில் ஓர் எழுத்தையோ குறியையோ மட்டும் மாற்றி, பார்வைக்கு வேறுபாடு தெரியாதவாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. விவரம் களவாடப்பட்டோரில் சிறார்களும் அடங்குவர். நண்பர்களுடன் பேசுவதற்காகக் கணக்கு வைத்திருந்த ஒரு பதின்ம வயதுப் பெண்ணின் படமும் பெயரும் கொண்ட போலிக் கணக்கு, அவள் கேள்விப்பட்டிராத நிலமனை முதலீடுகளையும், மின்னணு நாணயத்தையும், கானா நாட்டு வானொலி நிலையம் ஒன்றையும் விளம்பரப்படுத்திக்கொண்டிருந்தது. ஆபாசப் பதிவுகளையும் அது பரப்பியது. அவள் டுவிட்டருக்கு ஒரு பைசாவும் தந்ததில்லை, டெவுமியிடம் எதையும் வாங்கியதுமில்லை. ஆயினும் விற்கப்பட்ட சரக்கு அவளுடைய முகமே.

பின்தொடர்வோர் வாங்கப்பட்டவர்களா என்பதைக் கண்டறிய நாளிதழ் கையாண்ட வழி எளிமையானது. ஒருவரைப் பின்தொடரத் தொடங்கிய வரிசையில் எல்லாக் கணக்குகளையும் கிடையாக அடுக்கி, ஒவ்வொரு கணக்கும் தொடங்கப்பட்ட நாளை நெடுக்காகக் குறித்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். இயல்பாக வளர்ந்தவரின் வரைபடத்தில் பழைய கணக்குகளும் புதிய கணக்குகளும் ஒழுங்கின்றிக் கலந்து புள்ளிமேகம் போலக் காணப்படும். விலைக்கு வாங்கியவரின் வரைபடத்தில், ஒரே காலத்தில் மொத்தமாகத் தயாரிக்கப்பட்ட கணக்குகள் அடுத்தடுத்து வந்து சேர்வதால், அழுத்தமான கோடுகளும் கட்டங்களும் தோன்றும். எந்த ஆணை எப்போது நிறைவேற்றப்பட்டது என்பதைக்கூட அக்கோடுகளிலிருந்து ஓரளவு ஊகிக்க முடியும்.

கட்டுரை வெளியான அன்றே நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரணையை அறிவித்தார். சில நாட்களில் புகழ்பெற்ற பலரது டுவிட்டர் கணக்குகளிலிருந்து மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பின்தொடர்வோர் மறைந்தனர். டெவுமி 2018 ஆம் ஆண்டிலேயே கடையை மூடியது. 2019 ஜனவரி 30 அன்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அந்நிறுவனத்துடன் ஓர் உடன்பாட்டை அறிவித்தது. போலிப் பின்தொடர்வோரையும் விருப்பங்களையும் விற்பது சட்டத்துக்குப் புறம்பான ஏமாற்று என்றும், களவாடிய அடையாளத்தைக் கொண்டு இணையச் செயல்பாடு நிகழ்த்துவது குற்றம் என்றும் சட்டத்துறை அமைப்பு ஒன்று அமெரிக்காவில் முதன்முறையாக முடிவு செய்தது இதிலேயே ஆகும்.

2019 அக்டோபரில் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் டெவுமி மீதான தன் நடவடிக்கையை முடித்தது. ஆணையத்தின் முறையீட்டின்படி, போலி டுவிட்டர் பின்தொடர்வோருக்காக 58,000 க்கும் மேற்பட்ட ஆணைகளையும், யூடியூப் பார்வைகளுக்காக 32,000 க்கும் மேற்பட்ட ஆணைகளையும், யூடியூப் சந்தாதாரர்களுக்காக 4,000 க்கும் மேற்பட்ட ஆணைகளையும் அந்நிறுவனம் நிறைவேற்றியிருந்தது. தொழில்முறை வலைப்பின்னலான லிங்க்டின்னில் 800 க்கும் மேற்பட்ட ஆணைகள் இருந்தன. வாங்கியோர் பட்டியலில் வழக்கறிஞர்களும் முதலீட்டுத் துறையினரும் காணப்பட்டது, இது திரையுலகத்தோடு நிற்கும் பழக்கமன்று என்பதைக் காட்டியது. நிறுவன உரிமையாளர் மீது 25 லட்சம் டாலர் தீர்ப்பு விதிக்கப்பட்டது. அவரது நிதிநிலையைக் கருதி 2,50,000 டாலர் செலுத்தியதும் எஞ்சியது நிறுத்திவைக்கப்படும் என உடன்பாடு செய்யப்பட்டது.

சொடுக்குப் பண்ணைகள்

தானியங்கிகளைத் தளங்கள் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டபோது, மனிதக் கைகளுக்குத் தேவை கூடியது. கூலிக்குப் பொத்தானை அழுத்தும் பணியாளர்களைக் கொண்ட இடங்கள் சொடுக்குப் பண்ணைகள் எனப்படுகின்றன. வங்காளதேசத் தலைநகர் டாக்கா இதன் நடுவங்களில் ஒன்றாக அறியப்பட்டது. பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சியும் கார்டியன் நாளிதழும் 2013 ஆகஸ்டில் அங்குள்ள நிலையை வெளியிட்டன. கம்பியிட்ட சன்னல்களைக் கொண்ட அறைகளில், சில வேளைகளில் இரவு முழுவதும், பணியாளர்கள் கணினித் திரைமுன் அமர்ந்திருந்தனர். 1,000 விருப்பங்களை அழுத்தினால் ஒரு டாலர் கூலி. அதே 1,000 விருப்பங்களுக்கு வாடிக்கையாளரிடம் பெறப்பட்டது 15 டாலர்.

ஒரு விருப்பத்துக்கு மூன்று நொடி என்று கொண்டாலும் 1,000 விருப்பங்களுக்கு ஐம்பது நிமிடங்கள் ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு கணக்கில் நுழைய வேண்டியிருப்பதால் உண்மையில் ஆகும் நேரம் இதைவிடப் பன்மடங்கு. வாங்கிய நிறுவனங்களில் சில தம் விளம்பர முகவர் இவ்வாறு செய்ததைத் தாம் அறியவில்லை என்றன. அது உண்மையாகவும் இருக்கலாம். மேலாண்மைக்கு எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய முகவர், அதை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேட்கப்படுவதில்லை.

இப்பண்ணைகளின் பாதிப்பு நேர்மையாக விளம்பரம் செய்தவர்களையும் தொட்டது. பண்ணைக் கணக்கு ஒன்று விலை கொடுத்தவரின் பக்கத்தை மட்டுமே விரும்பினால் எளிதில் பிடிபட்டுவிடும். ஆகவே அது பணம் தராத பல நூறு பக்கங்களையும் சேர்த்து விரும்பி, இயல்பான பயனர் போலத் தோற்றம் கொள்கின்றது. வெரிட்டாசியம் என்ற யூடியூப் அறிவியல் அலைவரிசையை நடத்தும் டெரெக் முல்லர், தமது பக்கத்துக்கு முகநூலிலேயே முறையாக விளம்பரம் செய்தபோதும் இத்தகைய கணக்குகளே பெரிதும் வந்து சேர்ந்ததாக 2014 பெப்ரவரியில் ஒரு காணொளியில் விளக்கினார். இவ்வாறு வந்தவர்கள் பதிவுகளைப் படிப்பதில்லை. தளத்தின் நிரலோ, ஒரு புதிய பதிவை முதலில் சிலருக்குக் காட்டி, அவர்கள் ஆர்வம் காட்டினால் மட்டுமே மற்றவர்களுக்குக் காட்டும். போலிகள் நிறைந்த பக்கத்தில் அந்த முதல் சிலர் பேசாமல் இருந்துவிடுவதால், உண்மையான வாசகர்களுக்கும் பதிவு சென்றடையாமல் போகின்றது. அதிக விருப்பங்களைப் பெற்ற பக்கம் குறைந்த வாசகர்களை அடையும் இந்த முரண், எண்ணிக்கையை விலைக்கு வாங்குவோர் பெரும்பாலும் எதிர்பாராத விளைவாகும்.

கைபேசிப் பண்ணைகளும் சீனாவும்

கணினிக்கு மாற்றாக நூற்றுக்கணக்கான கைபேசிகளைச் சட்டங்களில் அடுக்கி இயக்கும் முறை பின்னர் பரவியது. தாய்லாந்தில் கம்போடிய எல்லையை அடுத்த சா கேயோ மாநிலத்தில் 2017 ஜூனில் காவல்துறையினர் ஒரு வீட்டைச் சோதனையிட்டு, மூன்று சீனர்களைக் கைது செய்தனர். சுமார் 500 ஐபோன்களும் ஏறத்தாழ 3,50,000 சிம் அட்டைகளும் கைப்பற்றப்பட்டன. சீனாவின் வீசாட் தளத்தில் பொருள்களுக்கான விருப்பங்களைப் பெருக்குவதே அவர்களின் வேலை. விருப்பங்களை விற்றதற்காக அவர்கள் மீது வழக்குத் தொடரப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அனுமதியின்றி வேலை செய்தது, பதிவற்ற சிம் அட்டைகளைப் பயன்படுத்தியது போன்றவையே குற்றச்சாட்டுகள்.

சீன மொழியில் இத்தகைய போலிகளுக்கு "நீர்ப்படை" என்றும், அசைவற்ற பின்தொடர்வோருக்கு "பிண ரசிகர்கள்" என்ற பொருளிலும் சொற்கள் வழங்குகின்றன. பாடகர் சாய் சூகுன் 2018 ஆம் ஆண்டில் வெய்போ தளத்தில் இட்ட ஒரு பதிவு 10 கோடிக்கும் மேல் பகிரப்பட்டதாகக் காட்டப்பட்டது. அப்போது அத்தளத்தின் மொத்தப் பயனர்களே சுமார் 33 கோடி பேர்தாம் என்பதால் ஐயம் எழுந்தது. ரசிகர்கள் கட்டணம் செலுத்தித் தம் விருப்ப நட்சத்திரத்தின் பதிவுகளைப் பெருக்குவதற்கு உதவிய செயலி ஒன்றை உருவாக்கியவர் பின்னர் கைது செய்யப்பட்டார். வெய்போ 2019 இல் பகிர்வுகளின் எண்ணிக்கையைப் பத்து லட்சத்துக்கு மேல் காட்டாமல் வரம்பிட்டது. ரசிகர்களின் அன்பே இங்கு வாடிக்கையாளராக அமைந்தது. விற்பனைக்குப் பின்னால் எப்போதும் பேராசை மட்டுமே இருப்பதாகக் கொள்ள இயலாது.

அரசியலில் பயன்பாடு

ஒண்டுராஸ் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த உவான் ஓர்லாண்டோ எர்னாண்டசின் முகநூல் பதிவுகளுக்கு வந்த விருப்பங்களைப் பற்றி, முகநூலில் தரவு ஆய்வாளராகப் பணியாற்றிய சோபி சாங் வெளிப்படுத்திய தகவல்கள் இவ்வகையில் நன்கறியப்பட்டவை. 2018 ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு வார காலத்தில் அவரது பதிவுகளை விரும்பிய 59,100 கணக்குகளில் 78 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை உண்மையான மனிதருடையவை அல்ல. முகநூலில் தனிநபர் கணக்குகளுக்கு இருந்த கட்டுப்பாடு பக்கங்களுக்கு இல்லை. நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் உரிய பக்கங்களுக்கு மனிதப் பெயரும் முகமும் இட்டு, அவற்றைக் கொண்டு விருப்பங்களை அளித்தனர். சோபி சாங் இதைத் தெரிவித்த பின்னரும் முகநூல் நடவடிக்கை எடுக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 2019 ஜூலையிலேயே அவ்வலை நீக்கப்பட்டது. 2020 இல் பணியிலிருந்து விலக்கப்பட்ட அவர் இவ்விவரங்களைப் பின்னர் செய்தியாளர்களிடம் பகிர்ந்துகொண்டார்.

இத்தொழிலின் அளவைச் சோதிக்க, லாத்வியாவின் ரீகா நகரிலுள்ள நேட்டோ சார்ந்த வியூகத் தகவல்தொடர்பு மையம் 2019 ஆம் ஆண்டில் தானே வாடிக்கையாளராக மாறியது. 300 யூரோ செலவில் 11 உருசிய விற்பனையாளர்களிடமிருந்தும் 5 ஐரோப்பிய விற்பனையாளர்களிடமிருந்தும் அது 25,750 விருப்பங்கள், 20,000 பார்வைகள், 5,100 பின்தொடர்வோர், 3,530 கருத்துகள் ஆகியவற்றை வாங்கியது. நான்கு வாரங்களுக்குப் பின்னும் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே இருந்தன. போலிக் கணக்குகளில் ஒரு பகுதியைத் தளங்களிடம் முறையிட்ட மூன்று வாரங்களின் பின் 95 விழுக்காடு இயங்கிக்கொண்டிருந்தன. இக்கணக்குகள் பெரும்பாலும் வணிகப் பக்கங்களுக்கே பயன்பட்டன. எனினும் அரசியல் பக்கங்களும் அரசுகளின் அதிகாரமுறைப் பக்கங்களும் அவற்றின் வாடிக்கையாளர்களிடையே காணப்பட்டன.

தளங்களின் நடவடிக்கைகள்

இன்ஸ்டாகிராம் 2014 டிசம்பரில் போலிக் கணக்குகளைப் பெருமளவில் நீக்கியபோது புகழ்பெற்றோர் பலர் லட்சக்கணக்கான பின்தொடர்வோரை இழந்தனர். டுவிட்டர் 2018 ஜூலையில் ஐயத்துக்குரியவை எனப் பூட்டப்பட்ட கணக்குகளை எண்ணிக்கையிலிருந்து விலக்கியதில் தளத்தின் மொத்தப் பின்தொடர்வுகள் சுமார் 6 விழுக்காடு குறைந்தன. முகநூல் 2019 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் 200 கோடிக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளை முடக்கியதாக அறிவித்தது. இவற்றுள் பெரும்பாலானவை தொடங்கப்பட்ட சில நிமிடங்களிலேயே பிடிபட்டவை. அதே காலத்தில், மாதந்தோறும் இயங்கும் கணக்குகளில் சுமார் 5 விழுக்காடு போலியாக இருக்கலாம் என்றும் அந்நிறுவனம் மதிப்பிட்டது.

தளங்களின் நிலையில் ஓர் உள்முரண் உள்ளது. பயனர் எண்ணிக்கையே அவற்றின் பங்குச் சந்தை மதிப்பையும் விளம்பர வருவாயையும் தீர்மானிக்கின்றது. போலிகளை முழுமையாகக் களைவது தம் எண்ணிக்கையைத் தாமே குறைத்துக்கொள்வதாகும். 2022 ஆம் ஆண்டில் ஈலோன் மசுக்கு டுவிட்டரை வாங்குவதிலிருந்து பின்வாங்க முயன்றபோது, போலிக் கணக்குகள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற அந்நிறுவனத்தின் கூற்றையே முதன்மைக் காரணமாக எதிர்த்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

எண்ணை மறைத்துவிடுவது மற்றொரு வழி. இன்ஸ்டாகிராம் 2019 இல் கனடா, ஆஸ்திரேலியா, பிரேசில், யப்பான் முதலிய நாடுகளில் விருப்பங்களின் எண்ணிக்கையைப் பிறர் காணாதபடி மறைத்துச் சோதித்தது. பயனர்களின் மனநலமே அதற்குக் கூறப்பட்ட காரணம். 2021 மே மாதம் முதல் மறைப்பதும் காட்டுவதும் பயனரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பின்தொடர்வோர் எண்ணிக்கை மறைக்கப்படவில்லை. யூடியூப் 2019 செப்டம்பரில், முதல் 24 மணிநேரப் பார்வைச் சாதனைகளைக் கணக்கிடும்போது விளம்பரமாகக் காட்டப்பட்டதால் கிடைத்த பார்வைகளைச் சேர்ப்பதில்லை என விதியை மாற்றியது.

சட்டநிலை

முகநூல் நிறுவனம் 2019 மார்ச்சில் சீனாவைச் சேர்ந்த நான்கு நிறுவனங்கள் மீதும், ஏப்ரலில் இன்ஸ்டாகிராம் விருப்பங்களை விற்ற நியூசிலாந்து நிறுவனம் ஒன்றின் மீதும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. இவை தள விதிமுறை மீறலையும் வணிகச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்தியதையும் போன்றவற்றை அடிப்படையாகக் கொண்டவை.

இந்தியாவில் போலிப் பின்தொடர்வோர் விற்பனைக்கெனத் தனிச் சட்டப்பிரிவு இயற்றப்படவில்லை. பின்னணிப் பாடகர் ஒருவரின் பெயரில் இயங்கிய போலி இன்ஸ்டாகிராம் கணக்கைப் பற்றிய முறையீட்டைத் தொடர்ந்து, மும்பை காவல்துறையினர் 2020 ஜூலையில் பின்தொடர்வோர் விற்பனையில் ஈடுபட்ட ஒருவரைக் கைது செய்து விசாரணையை விரிவாக்கினர். இங்கும் வழக்கைத் தொடங்கிவைத்தது பெயர் களவாடப்பட்டவரின் முறையீடே. விருப்பங்களை வாங்கியவர் எவரும் முறையிடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்டத்துக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க இடமளிக்கின்றன. எவருடைய அடையாளத்தையும் களவாடாமல், கற்பனைப் பெயர்களில் உருவாக்கிய கணக்குகளுக்கு இப்பிரிவுகளைப் பொருத்துவது கடினம்.

விற்பவரோடு வாங்குபவரையும் சேர்த்துப் பொறுப்பாக்கும் விதியை ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஆகஸ்ட் 14 அன்று வெளியிட்டது. போலி மதிப்புரைகளைத் தடைசெய்வதற்காக இயற்றப்பட்ட இவ்விதி 2024 அக்டோபர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. தானியங்கிகளாலோ கைப்பற்றப்பட்ட கணக்குகளாலோ உண்டாக்கப்பட்ட பின்தொடர்வோரையும் பார்வைகளையும் விற்பதையும் வாங்குவதையும் அது தடைசெய்கின்றது. வெளியிடப்பட்ட காலத்தில் மீறல் ஒன்றுக்கு 51,744 டாலர் வரை தண்டம் விதிக்கலாம் என்றிருந்தது. இதற்கு இரு வரையறைகள் உண்டு. அவை போலி என்பதைச் சம்பந்தப்பட்டவர் அறிந்திருக்க வேண்டும், அல்லது அறிந்திருக்கக் கடமைப்பட்டவராக இருக்க வேண்டும். அத்துடன் வணிக நோக்கத்துக்காகத் தம் செல்வாக்கை மிகைப்படுத்திக் காட்ட அவை பயன்பட்டிருக்க வேண்டும். ஒண்டுராசில் நடந்ததைப் போல அரசியல் ஆதரவைப் பெரிதாக்கிக் காட்ட வாங்கப்படும் விருப்பங்கள் இந்த இரண்டாவது வரையறைக்குள் எளிதில் அடங்குவதில்லை.